பையன் ஸ்கூல் பேக்ல வேப் (எலக்ட்ரானிக் சிகரெட்) இருந்துச்சி, இந்தப் பழக்கம் எங்க இருந்து ஆரம்பிக்குது?

பிறை_அம்மா
வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு நாளா தூக்கம் இல்ல. சொந்தக்காரங்கள்ட்ட சொன்னா நாளைக்கே தாமான் (குடியிருப்பு) முழுக்க தெரிஞ்சிரும், அதான் இங்க எழுதறேன். என் பையனுக்கு 14 வயசு, பாரம் 2, அதாவது இடைநிலைப்பள்ளி ரெண்டாவது வருஷம் படிக்கிறான். சனிக்கிழம பேக்க தொவைக்கலாம்னு எல்லாத்தையும் எடுத்து கீழ கொட்டுனேன், பென்சில் பாக்ஸுக்கு அடியில ஒரு சின்ன சாமான், வெளிர் மஞ்சக் கலரு, கட்டவெரல் தடிப்பு இருக்கும். ஹைலைட்டர்னுதான் நெனச்சேன், மூடிய தேடறேன் தேடறேன், மூடியே இல்ல. மோந்து பாத்தா மாம்பழ வாசன. அப்பதான் புரிஞ்சது, கை காலெல்லாம் ஆடிப்போச்சி.

வீட்டுக்காரரு நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்தவரு பெல்ட்ட உருவிட்டாரு. நான் குறுக்க போயும் ரெண்டு அடி விழுந்துருச்சி. பையன் அழவே இல்லங்க, அப்பா மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னான். அந்தப் பார்வ எனக்கு இன்னும் வெளங்கல.

எங்க வீட்ல இந்தப் பழக்கம் கெடையாது. அவரு கல்யாணத்துக்கு முன்ன சிகரெட் குடிச்சாரு, பெரியவ பொறந்தப்பவே விட்டுட்டாரு. யாரு இவன கெடுத்தா, எப்படி ஆரம்பிச்சிருப்பான், உங்க புள்ளைங்களுக்கு நடந்திருந்தா என்னா செஞ்சீங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆயர்ஈத்தாம்_அக்கா
அக்கா மொதல்ல அடிக்கறத நிறுத்தச் சொல்லுங்க. அடி வாங்குனா விட மாட்டான், ஒளிச்சி வைக்கற எடத்ததான் மாத்துவான்.

லோரிக்காரன்46
தங்கச்சி, "யாரு கெடுத்தா"ன்னு கேக்கறீங்க. என் கதைய சொல்றேன், கொஞ்சம் நீளம்தான், படிங்க.

நான் நிபோங் தெபால் பக்கம் தோட்டத்துல பொறந்தவன். எங்கப்பா வேல முடிஞ்சி குளிச்சிட்டு லயத்து (தோட்டத்து வரிச வீட்டு) வாசப்படியில உக்காருவாரு, உக்காந்துட்டு சிகரெட்ட என் கையில குடுத்து "அடுப்பங்கரைக்குப் போயி பத்த வச்சிக்கிட்டு வாடா"ம்பாரு. நெருப்புப் பெட்டிய மிச்சம் பண்றதுக்கு. அப்ப எனக்கு எட்டு வயசு. வெறகு அடுப்புத் தணல்ல சிகரெட்ட சும்மா சொருகுனா பத்தாது, ஓரம் கருகும் அவ்வளவுதான், வாயில வச்சி ஒரு இழு இழுத்தாத்தான் பத்தும். அப்பறம் அடுப்பங்கரையில இருந்து வாசலுக்கு வரதுக்குள்ள அணைஞ்சிரக் கூடாதுன்னு நடுவுல இன்னொரு இழு. கண்ணுல தண்ணி ஊத்தும், இருமல் வரும், ஆனா அணையாம கொண்டு வந்து குடுத்தா அப்பா தலைய தடவிக் குடுப்பாரு. எங்கப்பா பேசாத மனுஷன் தங்கச்சி. நாளு முழுக்க அவரு என்ன தொடற நேரம் அது ஒண்ணுதான்.

என்ன கெடுத்தவன்னு நான் யார கை காட்டுவேன்? அவரு கெட்டவர் இல்ல. 13 வயசுல ஒட்டுக்கடையில ஒத்த ஒத்தயா வாங்க ஆரம்பிச்சேன், "அப்பாவுக்கு"ன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. 27 வருஷம் ஊதுனேன். 2019-ல நெஞ்சுவலி வந்து ரத்தக் கொழாய்ல ஸ்டெண்ட் வச்சாங்க, அன்னிக்கி விட்டதுதான்.

மொத சிகரெட்ட எதிரி வந்து குடுக்க மாட்டான் தங்கச்சி. நமக்குப் புடிச்சவங்கதான் குடுப்பாங்க, இல்லாட்டி அவங்க கையில இருக்கறத பாத்துட்டு நாமளே எடுத்துக்குவோம்.

தண்ணிமலையான்
அண்ணே உங்க கதை மனச தொட்டுச்சி, ஆனா எல்லாத்தையும் வீட்டு மேல போடறது சரியில்ல. எங்கப்பா தொட்டதே இல்ல, நான் 15 வயசுல ஆரம்பிச்சேன். எங்க தலைமொறைக்கு சினிமாதான். ரஜினி சிகரெட்ட தூக்கிப் போட்டு வாயில புடிக்கறத பாத்துட்டு கிளாஸ்ல பாதிப் பேரு சாக்பீஸ வச்சி பழகுனோம், என் சட்டப் பாக்கெட் எல்லாம் சுண்ணாம்புத் தூள். சாக்பீஸ் கரெக்டா விழ ஆரம்பிச்சதும் அடுத்து நெசமானத வச்சிப் பாக்கணும்னு தோணாதா? அதுக்கப்பறம் கூட்டாளிங்க. வீட்ல நல்ல அப்பா இருந்தும் விழறவன் விழறான்.

லோரிக்காரன்46
தம்பி நீங்க சொல்றதும் நெசம்தான், நான் இல்லன்னு சொல்லல. சினிமா மட்டும் கூட இல்ல. பந்து வெளையாட்டு ஞாபகம் இருக்கா, 2004 வரைக்கும் நம்ம மலேசியா லீக்குக்கு பேரே ஒரு சிகரெட் பேருதான், டன்ஹில் லீக். ஊர்ல எந்த டீம் ஜெயிச்சாலும் அந்த சிவப்புப் பேருதான் பின்னால நிக்கும். டிவில சிகரெட் விளம்பரம் போடக் கூடாதுன்னு சொன்னாங்க, அதே சிகரெட் பேர வச்சி டிராவல் கம்பெனின்னும் துணிக்கடைன்னும் காட்டுனாங்க, பாக்கற எங்களுக்கு அது சிகரெட்டுதான்னு தெரியும். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துல மறைஞ்ச முகமது இத்ரிஸ் ஐயா அந்தக் காலத்துலயே இத எதுத்து கத்திக்கிட்டு இருந்தாரு, நாங்கதான் காதுல போட்டுக்கல.

ஓய்வுபெற்ற_டிசிப்ளின்
நான் இடைநிலைப்பள்ளியில 20 வருஷத்துக்கு மேல கட்டொழுங்கு ஆசிரியரா இருந்தவ. சொல்ல வேண்டியது நெறய இருக்கு.

எங்க புள்ளைங்க எப்ப ஆரம்பிக்குதுங்கன்னு நான் பாத்தது, தமிழ்ப்பள்ளி முடிச்சி பெரிய ஸ்கூலுக்கு வர அந்த ஒரு வருஷம். ஆறு வருஷம் சின்ன ஸ்கூல், எல்லா டீச்சருக்கும் அவன் பேரு தெரியும், அவன் அம்மா பேரும் தெரியும், கேண்டீன் அக்காவுக்கு அவனுக்கு என்னா சாப்பாடு புடிக்கும்னு தெரியும். திடீர்னு ஆயிரத்துக்கும் மேல புள்ளைங்க இருக்கற எடத்துல கொண்டு வந்து விடறோம், அதுலயும் பாதிப் பேரு புகுமுக வகுப்புல, மத்தவன் எல்லாம் பாரம் 1 போறப்ப இவன் மட்டும் மலாய் சரியா வரலன்னு ஒரு வருஷம் பின்னால. ரீஹாட் (இடைவேளை) நேரத்துல யார் கூட நிக்கறதுன்னு தெரியாது. அப்ப பின்னால டாய்லெட் பக்கம் நாலு அண்ணனுங்க தமிழ்ல பேசிக்கிட்டு நிப்பானுங்க, "டேய் தம்பி வா, எந்த ஸ்கூல்டா நீ"ன்னு கேப்பானுங்க. அந்த ஸ்கூல்ல அவன மொத மொதல்ல பேசக் கூப்புட்டது அவனுங்கதான். அவனுங்க கையில என்னா இருந்தா என்னா, இவன் வாங்கிக்குவான். எத்தன புள்ளைங்கள நான் அந்த டாய்லெட்ல இருந்து இழுத்துட்டு வந்து ரோத்தான் (பெரம்பு) அடிக்கு அனுப்பியிருக்கேன், ஒரு தடவ கூட "உனக்கு இங்க கூட்டாளி இருக்கா"ன்னு கேட்டதில்ல. அது என் மனசுல இன்னும் இருக்கு.

இன்னொண்ணு, வேப் வந்தப்பறம் கணக்கே மாறிப் போச்சி. சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளி புள்ளைங்கள்ட்ட எடுத்த ஆய்வுல 2017-ல 13.8 விழுக்காடு சிகரெட், 2022-ல அது 6.2-ஆ எறங்கிருச்சி, சந்தோஷப்படலாம்னு பாத்தா வேப் 9.8-ல இருந்து 14.9-க்கு ஏறிருக்கு. நாத்தம் இல்ல, சாம்பல் இல்ல, நெருப்பு வேண்டாம், சட்டக் கையில ஒளிச்சி கிளாஸ்லயே இழுக்கறானுங்க. நாங்க வாய மோந்து பாத்தா மிட்டாய் வாசன வரும்.

சட்டத்தையும் சொல்லணும். 2023 மார்ச் 31-ல வேப்ல ஊத்தற நிக்கோட்டின் தண்ணிய விஷப் பொருள் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க, மறுநாளே ஒரு மில்லிக்கு 40 காசு வரி. புள்ளைங்களுக்கு விக்கக் கூடாதுங்கற புதுச் சட்டம் அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1. நடுவுல ஒன்றரை வருஷம், 18 வயசுக்குக் கீழ உள்ளவனுக்கு நிக்கோட்டின் வேப்ப விக்காதேன்னு சொல்ல சட்டமே இல்ல. 2007 ஜனவரி 1-லயும் அதுக்குப் பின்னாலயும் பொறந்தவங்களுக்கு சிகரெட்டு, வேப்ப ஆயுசு முழுக்க விக்கக் கூடாதுன்னு 2022-ல கைரி சுகாதார அமைச்சரா இருந்தப்ப மசோதா வந்துச்சி, 2023 நவம்பர்ல மக்களவையில நிறைவேறுனது அந்தப் பகுதிய எடுத்துட்ட மசோதாதான். பிறை அம்மா மகன் அந்தத் தலைமொறைப் புள்ளதான். அவனக் காப்பாத்த நெனச்ச கதவ நாமளே சாத்திட்டோம்.

பாலிடெக்னிக்_பையன்
நான் 20 வயசு, நான் சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க ஏன்னா நான் இன்னும் விடல, முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கேன்.

ருசிக்காக யாரும் ஆரம்பிக்கலங்க. மொத தடவ நல்லாவே இருக்காது, தல சுத்தும். ராத்திரி தாமான் கார் பார்க்குல மோட்டோ மேல உக்காந்து லெப்பாக் பண்ணுவோம், சும்மா அரட்டைதான், எல்லார் கையிலயும் ஒண்ணு இருக்கும், நம்ம கை மட்டும் சும்மா இருக்கும், கைய எங்க வைக்கறதுன்னே தெரியாது. பேச்சு நின்னு போனா அவனுங்க ஒரு இழு இழுத்துக்குவானுங்க, நாம தரைய பாக்கணும். யாரும் "அடிடா அடிடா"ன்னு கட்டாயப்படுத்தல. பெரியவங்க எல்லாம் கூட்டாளி கட்டாயப்படுத்தி பழக்கிட்டான்னு நெனைக்கறீங்க, என் வாழ்க்கையில ஒருத்தன் கூட அப்படி பண்ணல, சும்மா நீட்டுவான், அவ்வளவுதான்.

எஸ்.பி.எம் (பாரம் 5 பரீட்ச) முடிச்சிட்டு ஒரு கோடவுன்ல பார்ட்டைம் போனேன். அங்க சிகரெட் குடிக்கறவனுக்கு ரெண்டு மணிக்கு ஒரு தடவ பத்து நிமிஷம் வெளிய போக விடுவாங்க, சூப்பர்வைசரும் கூட போவாரு, அங்க நின்னுதான் யாருக்கு ஓ.டி. (ஓவர்டைம்) குடுக்கறதுன்னு எல்லாம் பேசுவாங்க. குடிக்காதவன் உள்ள பெட்டி தூக்கிக்கிட்டே இருக்கணும். நான் வேப்ல இருந்து சிகரெட்டுக்குப் போனது அங்கதான்.

சுங்கைடுவா_அக்கா
பொம்பளப் புள்ளைங்களப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க. எங்க ஹாஸ்டல்ல ஆறு பேர்ல மூணு பேரு இழுத்தோம். ஒருத்தி பசி எடுக்காது, ஒல்லி ஆகலாம்னு, ஒருத்தி காதல் உடைஞ்சி, நான் பரீட்சை டென்ஷன்னு. பையன் மாட்டுனா வீட்ல ரெண்டு அடி, பொம்பளப் புள்ள மாட்டுனா குடும்ப மானமே போச்சும்பாங்க, அந்தப் பயத்துல யார்ட்டயும் உதவி கேக்க முடியாது. ரெண்டு வருஷம் விட முடியாம கழிவறையில அழுதுருக்கேன்.

தண்ணிமலையான்
பிறை அக்கா, பையன் போன் யார் கூட பேசறான்னு பாருங்க. ஆன்லைன்லதான் விக்கறானுங்க, வீட்டு வாசலுக்கே வந்து குடுத்துட்டுப் போறான்.

பலசரக்குக்கடை_பொண்ணு
எங்க வீட்ல மளிகக் கட. 2025 ஏப்ரல் 1-ல இருந்து சிகரெட்ட கல்லாவுக்குப் பின்னால தெரியற மாதிரி அடுக்கக் கூடாது, மூடி வைக்கணும். அதுக்கு முன்ன என்னா தெரியுமா, சிகரெட் அலமாரிக்கு நேர் கீழதான் மிட்டாய் பாட்டில் இருக்கும், மிட்டாய் வாங்க நிமுந்து பாக்கற சின்னப் புள்ள கண்ணுக்கு நேரா அந்தக் கலர் கலர் பாக்கெட்தான். நான் அந்த அலமாரிய பாத்துக்கிட்டேதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுனேன். 20 குச்சிக்குக் கொறஞ்ச பாக்கெட் 2010-லயே தடை, சில்லறையா ஒடச்சி விக்கறதும் தப்பு. எங்கம்மா ஒடைக்கவே மாட்டாங்க, "ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒண்ணு ஒடச்சிக் குடுத்தா வாங்க வரது ஸ்கூல் புள்ளைங்கதான், பெரியாளு முழுசா வாங்குவான்"ம்பாங்க. ஆனா ரெண்டு தெரு தள்ளி கள்ள சிகரெட் பாக்கெட்டே அஞ்சாறு வெள்ளிக்கு கெடைக்குது, அங்க யாரும் ஐ.சி. (அடையாள அட்ட) கேக்கறதில்ல.

மிசி_பிஎம்
நான் அரசாங்க கிளினிக்ல மிசியா (நர்ஸா) இருக்கேன், சிகரெட்ட விட வரவங்கள பாக்கற எடத்துலயும் வேல செஞ்சிருக்கேன். சினிமாவா வீடான்னு சண்ட போடாதீங்க, ரெண்டும்தான். அமெரிக்க சர்ஜன் ஜெனரல் 2012-ல இளவயசுக்காரங்களப் பத்தியே தனியா ஒரு அறிக்க போட்டாங்க. தெனம் குடிக்கற பெரியவங்கள்ல பத்துக்கு கிட்டத்தட்ட ஒம்போது பேரு 18 வயசுக்குள்ளயே மொத சிகரெட்ட தொட்டவங்கன்னு அதுல இருக்கு. படத்துல பாக்கறது புள்ளைங்க ஆரம்பிக்கறதுக்குக் காரணமாவுதுன்னும் அதுலயே சொல்லியிருக்காங்க.

பெத்தவங்களுக்கு முக்கியமா தெரிய வேண்டியது மூளை விஷயம். உள்ள இழுத்தா 10, 20 வினாடியில நிக்கோட்டின் மூளைக்குப் போயிரும். மூளை 25 வயசு வரைக்கும் வளந்துக்கிட்டு இருக்கு, கடைசியா முதிர்ற பகுதி "வேண்டாம்"னு நிறுத்தற பகுதிதான். சின்ன வயசுல தெனம் குடிக்கலன்னா கூட, எப்பவாச்சும் குடிச்சிக்கிட்டு இருக்கறப்பவே மனசு தேட ஆரம்பிச்சிரும். அந்தக் காலத்துல மொத இழுப்புல வந்த இருமலே பாதிப் பேர தடுத்துச்சி. இப்ப வர வேப்ல உப்பு நிக்கோட்டின்னு ஒண்ணு ஊத்தறாங்க, தொண்டைய அரிக்காது, நெறய நிக்கோட்டின் ஒரு இருமலும் இல்லாம எறங்கிரும், மேல மாம்பழம், தர்ப்பூசணி வாசன. வேலிய புடுங்கிட்டு கதவ தொறந்து வச்ச மாதிரி.

புள்ளைங்க என்கிட்ட "டென்ஷன் கொறையுது மிசி"ன்னு சொல்லுவாங்க. அந்த டென்ஷன்ல பாதி நிக்கோட்டின் எறங்குனதால வரதுதான். ரெண்டு மூணு மணி நேரம் இல்லன்னா எரிச்சல், கவனம் நிக்காது, இழுத்தா அது அடங்குது, ஒடனே மருந்துன்னு நம்பிடறாங்க. சுங்கைடுவா தங்கச்சி, உங்க பரீட்சை டென்ஷனும் இதுதான், இப்பவும் விடலன்னா வாங்க, யாருக்கும் சொல்ல மாட்டோம்.

பிறை அம்மா, "யாரு குடுத்தா"ன்னு கேக்காதீங்க, ஆள காட்டிக் குடுக்கச் சொன்னா வாயவே தொறக்க மாட்டான். "எப்ப எப்ப தேடுது உனக்கு"ன்னு கேளுங்க. நேருக்கு நேர் உக்கார வச்சிக் கேக்காதீங்க, காடியில (கார்ல) போறப்ப, துணி மடிக்கறப்ப, கண்ணு ரெண்டும் வேற எடத்துல இருக்கறப்ப கேளுங்க.

பிறை_அம்மா
எல்லாருக்கும் நன்றி. மூணு நாள் கழிச்சி எழுதறேன். இத எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், நீங்க எல்லாம் மனசு விட்டு எழுதியிருக்கீங்க, நானும் மறைக்கக் கூடாது.

நேத்து டியூஷனுக்கு கூட்டிட்டுப் போறப்ப மிசி சொன்ன மாதிரியே கேட்டேன். ரோட்ட பாத்துக்கிட்டேதான் கேட்டேன். ரொம்ப நேரம் பேசல, பட்டர்வொர்த் டோல் தாண்டுனப்பறம் ஆரம்பிச்சான். டீச்சர் சொன்ன மாதிரிதான், பாரம் 1-ல அவன் கிளாஸ்ல தமிழ்ப் பையன் அவனோட சேத்து ரெண்டே பேரு, மத்தவன் மாறிப் போயிட்டான். அஞ்சு பேரு ஆளுக்கு அஞ்சு வெள்ளி போட்டு ஒண்ணு வாங்குவாங்களாம், திங்கக்கிழம ஒருத்தன் செவ்வாய்க்கிழம ஒருத்தன்னு மொற வச்சி வீட்டுக்கு கொண்டு போவாங்களாம். அன்னிக்கி இவன் மொற. பசியாற நான் குடுக்கற காசு அது. ஆனா மொதல்ல இழுத்தது அங்க இல்லயாம், தைப்பூசத்தன்னிக்கி தண்ணிப் பந்தல்ல பாத்திரம் கழுவிட்டு ராத்திரி உக்காந்தப்ப எங்கக்கா மகன் குடுத்தானாம். அந்தப் பையன்னா இவனுக்கு உசுரு. லோரி அண்ணே, நீங்க எழுதுனது அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சி.

அப்பறம் எப்ப தேடுதுன்னு கேட்டேன். "ராத்திரி அப்பா பின்னால போறப்ப"ன்னான். எனக்குப் புரியல. "அம்மா உனக்குத் தெரியாதா, அப்பா குப்ப போட போறேன்னு போயி துணி காயப்போடற எடத்துல நிக்கறாரு, ஜன்னல் வழியா வாசன வரும்"ன்னான். தெரியாதுங்க எனக்கு. சாமி மேடையில வெளக்கேத்தற லைட்டரு வாரத்துக்கு ரெண்டு தடவ காணாமப் போவும், நான் சின்னவதான் வெளையாடிட்டு எங்கயோ போட்டுடறான்னு அவள திட்டிக்கிட்டு இருந்தேன். அப்பதான் அன்னிக்கி அடி வாங்குனப்ப அவன் அப்பாவ பாத்த பார்வ எனக்கு வெளங்குச்சி. தெரிஞ்சும் சொல்லல பாருங்க, அப்பாவ காட்டிக் குடுக்கல.

ராத்திரி அவர்ட்ட கேட்டேன். சண்ட போடல. கோவிட் நேரத்துல வேல போயிருமோங்கற பயத்துல திரும்ப ஆரம்பிச்சேன், தெனம் ரெண்டு மூணுதான்னாரு. புள்ளைக்குத் தெரியும்னு சொன்னதும் மேல ஒண்ணும் பேசல, மொகத்த கையால மூடிக்கிட்டாரு, 17 வருஷத்துல நான் பாத்ததில்ல.

லோரிக்காரன்46
தங்கச்சி, அவர திட்டாதீங்க. அவர்ட்ட நான் பேசட்டுமா? நம்பர் தனியா அனுப்பறேன். ஒளிஞ்சி ஒளிஞ்சி குடிச்சவன் நான், அந்த வெக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவரு மகன்ட்ட போயி "என்னாலயும் விட முடியல, நீயும் நானும் சேந்து விடலாம்"னு ஒரு வார்த்த சொன்னா போதும். எங்கப்பா எனக்கு அத சொல்லியிருந்தாருன்னா...

ஓய்வுபெற்ற_டிசிப்ளின்
பிறை அம்மா, உங்க மகன் படிக்கற ஸ்கூல்ல தமிழ் மொழிக் கழகம் இருக்கான்னு விசாரிங்க. பந்து டீமா இருந்தாலும் சரி. அந்த நாலு பேர விட்டுட்டு வரச் சொல்றோம், வரவன் ரீஹாட்ல எங்க போயி நிப்பான்? அந்த எடத்த நாமதான் தேடிக் குடுக்கணும். அக்கா மகனயும் விட்டுறாதீங்க, அவனுக்கும் யாரோ குடுத்திருப்பாங்க.

பிறை_அம்மா
அண்ணே நம்பர் அனுப்புங்க, அவர்ட்ட சொல்லிட்டேன், சரின்னாரு. பையன்ட்ட அவரே பேசிட்டாரு, வாசல்ல உக்காந்து, என்னா பேசுனாங்கன்னு நான் கேக்கல. லைட்டரு மூணு நாளா சாமி மேடையிலயே இருக்கு.

மிசி, வியாழக்கிழம அவருக்கு லீவு. உங்க மாதிரி கிளினிக்குக்கு அப்பாவும் மகனும் ஒண்ணா வந்தா ஒரே நம்பர் எடுத்தா போதுமா? பையனுக்கு மருந்து குடுப்பாங்களா, சின்னப் புள்ளன்னு பயமா இருக்கு.

மிசி_பிஎம்
ரெண்டு நம்பர் எடுங்க, ரெண்டு பேரு ஐ.சி.யும் கொண்டு வாங்க. பையன் வயசுக்கு மருந்து வேணுமா இல்லயான்னு டாக்டர்தான் முடிவு பண்ணுவாங்க, பெரும்பாலும் பேசறதுலதான் ஆரம்பிப்போம். அவன ஒரு பத்து நிமிஷம் தனியா உக்கார வச்சிப் பேசுவோம், அப்ப நீங்க ரெண்டு பேரும் வெளியதான் இருக்கணும், அதுக்கு இப்பவே மனச தயார் பண்ணிக்குங்க. காலையில சீக்கிரமே வாங்க, எட்டு மணிக்கு மேல கூட்டம் ஏறிரும்.